முதல் வரிசை யாருக்கு?

பெங்களூரு தொம்மலூரின் சொக்கநாதசுவாமி கோயிலுக்குச் சிவனைத் தேடிப் போகிறவர் அங்கே காண்பது பெருமாளை. தமிழ்க் கல்வெட்டுகளில் அவர் பெயர் சொக்கப்பெருமாள். அவருக்கு நிலக்கொடை அளித்தவர்களில் திரிபுராந்தகச் செட்டியாரும் அவர் மனைவி பார்ப்பதியும் உண்டு. முப்புரம் எரித்த சிவனின் பெயரைத் தாங்கிய வணிகர் விஷ்ணு கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார். கல்வெட்டு அதை ஓர் அதிசயமாகவே கருதவில்லை.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலிலோ ஒரே பெருமாளைச் சேவிப்பவர்கள், ஒரே ராமானுஜரை ஆசாரியராகக் கொண்டவர்கள், தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கிறார்கள். வைணவத்தின் இரு பிரிவுகளில், வடகலையார் முன்னிறுத்துவது வேதாந்த தேசிகரை, தென்கலையார் முன்னிறுத்துவது மணவாள மாமுனிகளை. ஆழ்வார் பாசுரங்களை ஓதும் பிரபந்த கோஷ்டியில் எந்த ஆசாரியரைப் போற்றும் தனியனை முதலில் சொல்வது, கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்ற தகராறுகள் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறி வருகின்றன. திருவீதிப் புறப்பாட்டின் நடுவே கைகலப்பும் நடந்திருக்கிறது.

2022 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோஷ்டியில் உட்காரும் வரிசையையே வகுத்துக் கொடுத்தது. முன் வரிசைகளில் தென்கலையார், அவர்களுக்குப் பின்னால் வடகலையார், அதற்கும் பின்னால் பொதுமக்கள். தனியன்களின் முறையையும் நீதிபதியே சொல்ல வேண்டியிருந்தது. ஆழ்வார்களின் பாசுரத்தைக் கேட்க வந்த எளிய பக்தருக்கு இதைவிடப் பெரிய வேதனை எது?

இரு கலைகளுக்கும் இடையே கொள்கை வேறுபாடு உண்டு. சரணடைய சீவனின் முயற்சி வேண்டுமா, பெருமாளின் கருணையே போதுமா என்பது ஆழமான கேள்வி. ஆனால், அந்தக் கேள்விக்காக யாரும் சட்டையைப் பிடிப்பதில்லை. சண்டையெல்லாம் மரியாதைக்காகத்தான். தனக்காக மரியாதை கேட்கக் கூசுகிறவர்கூட ஆசாரியருக்காகக் கேட்கும்போது கூசுவதில்லை. ‘அடியேன்’ என்று பேச்சைத் தொடங்குபவரிடமும் அகங்காரம் குடியேறுவது இந்த வழியாகத்தான். அது பக்தியின் உடையில் வருவதால் அவருக்கே அடையாளம் தெரிவதில்லை.

இரு கலைகளின் ஆசாரியர்கள் நடந்துகொண்ட விதமோ வேறு. 1323இல் டெல்லி சுல்தானின் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, தென்கலையார் போற்றும் பிள்ளை லோகாசாரியர் அக்கோயிலின் உற்சவரான நம்பெருமாளைக் காக்க அவரைத் தெற்கே எழுந்தருளச் செய்தார். வழியிலேயே உயிர் துறந்தார். தேசிகர், ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு எழுதப்பட்ட ‘சுருதப்பிரகாசிகை’ உரைச் சுவடியைக் காப்பாற்றினார் என்கிறது வைணவ மரபு. நம்பெருமாள் திருவரங்கம் திரும்பியது 1371இல். இன்று இரு கலையாரும் அவரைத்தான் சேவிக்கிறார்கள். தேசிகர் காத்த உரையைப் படிப்பவர்களும் இரு கலையிலும் இருக்கிறார்கள்.