கூடாரத்துக்கு உண்டு, காருக்கு இல்லை

ஜூலை பிறந்தால் நோர்வேயின் இ6 நெடுஞ்சாலையில் ஜெர்மனி, டென்மார்க், சுவிஸ் இலக்கத் தகடுகளோடு வாகனங்கள் வடக்கே வரிசை பிடிக்கும். அவற்றில் நம்மவர்களின் வான்களும் உண்டு. பின்கண்ணாடி வழியே அரிசிப் பையும் சுருட்டிய கூடாரமும் தெரியும். போகிற இடம் நோர்ட்காப்: 71 பாகை வடக்கில், கடலுக்கு மேல் 307 மீட்டர் உயர்ந்து நிற்கும் பாறை முனை. மே நடுப்பகுதி முதல் ஜூலை கடைசி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. ஒஸ்லோவிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர்.

புறப்படுமுன் யாரைக் கேட்டாலும் ஒரு பேச்சு வரும்: "நோர்வேயில எங்க வேணுமெண்டாலும் படுக்கலாம், அதுக்குச் சட்டமே இருக்கு." இருக்கிறதுதான். 1957ஆம் ஆண்டின் வெளியுலாச் சட்டம் அது. மற்றவர் காணி என்றாலும் காட்டிலும் மலையிலும் நடக்கலாம், இரவு தங்கலாம் என்ற பழைய வழக்கத்தை அது எழுத்தில் வைத்தது. ஆனால் "எங்க வேணுமெண்டாலும்" என்பது அதில் இல்லை.

சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. காடு, மலை, சதுப்பு, கரம்பு ஒரு வகை. வீட்டு வளவு, வயல், புல்வெளி மற்றது. முதல் வகையில் மட்டுமே கூடாரம் போடலாம். நம்மவர் வழுக்குவது புல்வெளியில்தான். கடல்நீரேரி ஓரத்தில் பச்சைப் பசேலென்று, வேலி இல்லாமல், ஒரு ஆள் இல்லாமல் கிடக்கும். கறிச் சட்டியை இறக்கி, கூடார முளையையும் அடித்த பிறகு உழவு இயந்திரத்தில் ஒருவர் வருவார். அவருக்கு அது வெறும் புல்லல்ல. குளிர்காலம் முழுக்க மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடவேண்டிய தீவனம். எழும்பச் சொல்வது அவர் உரிமை.

அனுமதி கேளாமல் தங்குவதானால் ஆட்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்தோ மலைக்குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளிப் போடவேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவு மட்டும். குடியிருப்புகளுக்கு வெகு தூரத்திலும் உயர்மலையிலும் இந்த இரண்டு இரவுக் கணக்கு இல்லை.

இந்த உரிமை நடந்து வருபவனுக்கு உரியது. காரையோ கேரவனையோ தெருவை விட்டுக் கரம்பு நிலத்துக்குள் இறக்குவதை 1977ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் தடுக்கிறது. வாகனத்துக்குள் படுப்பவருக்குத் தரிப்பிட விதிகள்தான் பொருந்தும்; பலகையில் தடை இருந்தால் தடைதான்.

நெருப்புக்கும் கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டக் கூடாது. கடையில் மலிவாக விற்கும் ஒருமுறைக் கிரில்லும் இதில் அடக்கம். தீப்பிடிக்க வழியே இல்லாத இடம் மட்டும் விலக்கு. திரும்பும் வழியில் பின்லாந்து ஊடாக வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே நிலச் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் திறந்த நெருப்பே கூடாது.

வடக்கே ஏற ஏற ஆபத்தின் முகம் மாறும். பின்மார்க் பகுதியில் கலைமான்கள் தெருவில் நிற்கும். வெயில் காலத்தில் குளிர்ச்சி தேடிச் சுரங்கப் பாதைக்குள்ளும் போய் நிற்கும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும் அந்த இரண்டு மூன்று விநாடி கண் ஒன்றும் பிடிக்காது. அந்த நேரம் பார்த்து முன்னால் நாலைந்து சாம்பல் முதுகுகள். ஹோர்ன் அடித்தாலும் அசையாது. நுழையுமுன் வேகத்தைக் குறையுங்கள். மோதிவிட்டால் விட்டுவிட்டு ஓடக் கூடாது. 02800 இலக்கத்தில் பொலிஸாருக்குச் சொல்லவேண்டும். பின்மார்க்கில் எந்தக் கலைமானும் காட்டு மிருகமல்ல. சாமி இன மேய்ப்பர் ஒருவரின் சொத்து, காதில் அவருடைய வெட்டு அடையாளம் இருக்கும்.

நோர்ட்காப் இருக்கும் தீவுக்குப் போகும் சுரங்கம் கடல்மட்டத்துக்குக் கீழே 212 மீட்டர் இறங்கி ஏறும்; நீளம் ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கேரவன் இழுப்பவர்கள் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கவேண்டும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, என் கணிப்பில், நித்திரை. நடுச்சாமத்திலும் பகல் போல இருப்பதால் "இன்னும் நூறு கிலோமீட்டர்" என்று ஓடிக்கொண்டே இருப்போம். மணிக்கூட்டைப் பார்த்துப் படுங்கள், வானத்தைப் பார்த்தல்ல.

பிழை நம்முடையதல்ல என்றால் வழியும் இருக்கிறது. நடமாட்டத்துக்குத் திறந்த நிலத்தில் காரணமில்லாமல் "நுழையாதே" பலகை நட்டிருந்தால் அந்த ஊர் நகரசபைக்கு எழுதலாம். எடுக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. தனியார் தரிப்பிடத்தில் தண்டச் சீட்டு ஒட்டினால் முதலில் நிறுவனத்திடம் முறையிடவேண்டும், சரிவராவிட்டால் தரிப்பிட முறையீட்டுச் சபைக்குப் போகலாம். பலகையையும் காரையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். பொலிஸார் தரும் தண்டத்தை ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவேண்டாம். நோயாளிவண்டிக்கு 113, தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 112. மலையில் தேடி மீட்பதற்கு நோர்வே பணம் கேட்பதில்லை. ஐரோப்பிய சுகாதார அட்டை நோயாளியைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவைத் தராது. அதற்குப் பயணக் காப்புறுதி வேண்டும்.

இன்னொன்று. எல்லோரும் படம் எடுக்கும் நோர்ட்காப் பாறை அந்தத் தீவின் வடகோடி அல்ல. பக்கத்து முனையான கினிவ்ஷெலொட்டன் இன்னும் சற்று வடக்கே நீண்டிருக்கிறது. அதற்குக் கார் போகாது. போக ஒன்பது, வர ஒன்பது கிலோமீட்டர் நடைதான்.