தன் குரலைத் தேடும் கிட்டார்



சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் என் பேரன் தன் கிட்டாரை உறையிலிட்டு மூடிச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு, "தாத்தா, இதை விற்றுவிடப் போகிறேன்" என்றான். வேலைக்குப் போய்ச் சேர்த்த முதற் பணத்தில் பெரும்பகுதியை அந்த வாத்தியத்திற்கும், அதனோடு சேர்ந்த ஆறு சிறு உலோகப் பெட்டிகளுக்கும் செலவிட்டவன் அவன். பெட்டி ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கை அகலந்தான் இருக்கும். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, இன்னொன்று தட்டுப் போல வட்டமானது. தரையில் வைத்துக் காலால் மிதித்து இயக்குவதால் வாத்தியக்காரர்கள் இவற்றைப் பெடல் என்கின்றனர். "எத்தனை வாங்கியும் நான் தேடுகிற புளூஸ் நாதம் வரவில்லை" என்பதே அவன் குறை.

நான் 36 ஆண்டுகள் பள்ளியிற் பணிபுரிந்தவன். ஒரு மாணவன் "எனக்கு வராது" என்று சொன்னால், அவனுக்கு வராதது எது என்பதை முதலிற் கண்டறிய வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியின் போது எனக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். ஆதலின், விற்பதை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெட்டிகள் என்னதான் செய்கின்றன என்று அவனிடமே பாடங் கேட்கத் தொடங்கினேன். கேட்டதையும், பின்னர் படித்ததையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன்.

புளூஸ் என்பது அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், அடிமைத்தளையினின்று விடுபட்டும் உரிமை பெறாது வாழ்ந்த கறுப்பின மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிறந்த இசை. மிசிசிப்பி ஆற்றங்கரைப் பருத்திக் காடுகளில் வாரத்திற்குப் பயிரிட்டு, ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கையில் கடனே மிஞ்சக் கண்டவர்கள் பாடிய பாட்டு அது. அதன் கட்டுக்கோப்பு எளியது. பெரும்பாலும் 12 தாள அளவைகள், மூன்று அடிகள். முதலடியைச் சொல்லி, அதையே மீண்டும் சொல்லி, மூன்றாமடியில் விடை சொல்வது வழக்கம். ஒவ்வோர் அடியும் பாதியிலேயே முடிந்துவிடும். எஞ்சிய பாதியில் கிட்டார் மறுமொழி கூறும். புளூஸ் கிட்டார் பக்கவாத்தியம் அன்று. அது பாடகனோடு பேசும் இரண்டாவது குரல் என்பதை இங்கேயே மனத்திற் கொள்ள வேண்டும்.

அந்தக் குரல் பேசுகிற சுரங்களும் பியானோவின் கட்டைகளுக்குள் அடங்குவன அல்ல. நம் இசையறிவு உள்ளவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் நடுவே ஓரிடத்தில் நின்று, இதுவா அதுவா என்று சொல்லவொட்டாமல் ஊசலாடுகிறது புளூஸின் காந்தாரம். தந்தியை விரலால் ஒருபுறம் தள்ளி வளைத்துத்தான் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தள்ளுவது, எவ்வளவு விரைவில் தள்ளுவது என்பதற்கு அளவுகோல் இல்லை.

இந்த இசைக்கு மின்சாரம் எப்படி வந்து சேர்ந்தது? மட்டி வாட்டர்ஸ் என்னும் பாடகர் 1943-இல் மிசிசிப்பியை விட்டுச் சிகாகோ நகரம் போனார். அவரைப் போல இலட்சக்கணக்கானோர் வேலை தேடி வடக்கே போன காலம் அது. நகரத்து மதுக்கடைகளின் இரைச்சலில் மரக்கிட்டாரின் ஒலி எடுபடவில்லை. ஆகவே மின்கிட்டாரை ஏந்தினார். அதன் இயக்கம் பள்ளிப் பாடந்தான். 1831-இல் பாரடே கண்டுகாட்டிய மின்தூண்டலே அதன் அடிப்படை. எஃகுத் தந்தியின் கீழே ஒரு காந்தமும், அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. அதை வால்வுகள் கொண்ட ஆம்ப்ளிபயர் பன்மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

இனித்தான் சுவையான பகுதி. ஆம்ப்ளிபயர் தன் சக்திக்கு உட்பட்டவரை, வந்த அலையை அதே வடிவில் பெரிதாக்கும். அந்த எல்லைக்கு மேல் அலையை அதனால் உயர்த்த இயலாது. உயரமான ஒருவர் தாழ்ந்த வாயிலில் நுழைந்தால் தலையில் இடிபடுவது போல, அலையின் முடி அங்கே மழுங்கிப்போகிறது. இதனால் விளைவன இரண்டு. வடிவம் மழுங்கிய அலையில், முன்பு இல்லாத மேற்சுரங்கள் பல பிறக்கின்றன; ஒலி கரகரப்பும் தடிப்பும் பெறுகிறது. அடுத்து, மீட்டிய கணத்தின் வலிய ஒலி அமுக்கப்படுவதால், பின்தொடரும் மெலிந்த ஒலி குறையாதது போலத் தோன்றுகிறது, கார்வை நீள்கிறது. அழுது தொண்டை கட்டியவனின் குரலில் உள்ள கம்மல் இதனால்தான் கிட்டாருக்கு வாய்த்தது. பொறியியல் வல்லுநர் குற்றமென்று விலக்க முயன்றதை, புளூஸ்காரர் குணமென்று போற்றிக்கொண்டனர்.

அந்தக் குற்றத்தைச் சில வேளைகளில் தற்செயலே கொண்டுவந்து கொடுத்தது. 1951-இல் ஐக் டர்னரின் குழுவினர் 'ராக்கெட் 88' என்னும் பாட்டைப் பதிவு செய்ய மெம்பிஸ் நகருக்குச் சென்றனர். வழியில் ஆம்ப்ளிபயர் பழுதுபட்டது. கீழே விழுந்தது என்பாரும், நனைந்துவிட்டது என்பாரும் உளர். பதிவாளர் சாம் பிலிப்ஸ் கிழிந்த ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்து, அந்தக் கரகரப்போடேயே பதிவு செய்தார். 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாட்டிலும் இவ்வாறே நேர்ந்தது. நாஷ்வில் நகரில் அதைப் பதிவு செய்தபோது கருவியில் ஒரு பகுதி பழுதாகி, கிட்டாரின் ஒலி வண்டு முரல்வது போல வந்தது. அதை நீக்காமல் விட்டார்கள். அதே ஒலி வேண்டுமென்று பிறரும் கேட்கவே, பதிவாளர் கிளென் ஸ்னாடி டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு அதைச் செய்துகாட்டும் ஒரு கருவியை அமைத்தார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ பஸ்-டோன் என்ற பெயரிற் காலால் மிதிக்கும் பெட்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வேடிக்கை என்னவென்றால், கிட்டாரை ஊதுகருவி போல ஒலிக்கச் செய்வதற்கென்றே அதை முதலில் விளம்பரப்படுத்தினர். வாங்குவார் அதிகம் இல்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், பின்னர் ஊதுகருவிகள் வாசிக்க வேண்டிய இடத்தை அடையாளம் காட்டுவதற்காக அந்தப் பெட்டியைக் கொண்டு வாசித்தார். அடையாளமே பாட்டாக வெளிவந்துவிட்டது. பெட்டிகளும் விற்றுத் தீர்ந்தன.

அதன்பின் வந்த பெட்டிகள் எண்ணிறந்தன. எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் எனக்கு அளிக்கப்பட்டுள்ள நேரம் போதாது. முன்னும் பின்னும் சாயும் மிதியைக் கொண்ட 'வா-வா' பெடல், நாம் வாயைத் திறந்து மூடுவது போல ஒலியின் ஒரு பகுதியை மட்டும் மேலும் கீழும் நகர்த்தித் தூக்கிக் காட்டுகிறது. எதிரொலிப் பெட்டி, வாசித்ததைச் சற்றுப் பொறுத்து மீண்டும் சொல்கிறது. ஜப்பானியரான புமியோ மியேதா 1960களில் அமைத்த 'யூனி-வைப்' பற்றி மட்டும் வானொலியிற் பேசுகிறவன் சொல்லாமல் விடலாகாது. மாஸ்கோ வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு, வானத்து மின்மண்டலத்தில் மோதித் திரும்பி, அலையலையாக மங்கியும் தெளிந்தும் கேட்டதே அதற்குத் தூண்டுகோல் என்று அவர் கூறியிருக்கிறார். இரவில் தொலைதூர நிலையங்களைத் திருகிப் பிடித்த தலைமுறையினர் நாம். அந்த ஏற்ற இறக்கத்தைத் தொல்லை என்று திட்டினோமே தவிர, இசை என்று எண்ணினோமா?

பேரனின் பச்சைப் பெட்டிக்கு வருவோம். அதன் பெயர் டியூப் ஸ்கிரீமர். ஜப்பானில் 1970களின் இறுதியில் சுசுமு தமுரா என்பவர் வடிவமைத்தது. டெக்சஸ் மாநிலத்து ஸ்டீவி ரே வான் இதை விரும்பிப் பயன்படுத்தியதால் உலகெங்கும் இளைஞர் இதை நாடுகின்றனர். இதனுள்ளே இரு டையோடுகள் அலையின் முடியை மெல்ல மழுக்குகின்றன. ஆயினும் இதன் தனிச்சிறப்பு வேறு. ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளை இது குறைவாகவே பெருக்குகிறது. உச்ச ஒலிகளையும் சற்று அடக்குகிறது. கிட்டாரின் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. குழுவில் அந்தத் தாழ்நிலம் பாஸ் கிட்டாருக்கும் முரசுக்கும் உரியது. அவற்றோடு மோதாமல், மனிதக் குரல் நிற்கும் நடுவிடத்திற் கிட்டாரை நிறுத்துவதே இப்பெட்டியின் பணி. தனியறையில் கேட்டால் மூக்கடைத்தது போல இருக்கும். குழுவோடு கேட்டால் பளிச்சென்று முன்வரும். என் பேரனோ இதைத் தனியறையில், சிதைவுத் திருகை முழுதும் திருப்பி வைத்து வாசித்துவிட்டு, நன்றாயில்லை என்று குறைப்பட்டான். தேர்ந்தவர் பலர் அந்தத் திருகைத் தாழ்த்தி, அளவுத் திருகை உயர்த்தி, ஏற்கெனவே எல்லையை நெருங்கி நிற்கும் வால்வு ஆம்ப்ளிபயரை ஒரு தள்ளு தள்ளவே இதைப் பயன்படுத்துகின்றனர். மழுக்குவது பெரும்பாலும் வால்வுதான்.

பெட்டிகளைத் தொடுக்கும் வரிசையிலும் அவன் தவறியிருந்தான். எதிரொலியை முன்னும் சிதைவைப் பின்னும் வைத்திருந்தான். அவ்வாறு வைத்தால் மூல ஒலியும் எதிரொலிகளும் ஒருங்கே சிதைந்து குழம்பிப்போகும். சிதைந்த ஒலியை எதிரொலித்தால் தெளிவாயிருக்கும். சேற்றைக் கண்ணாடியிற் காண்பதற்கும், கண்ணாடியின் மேலேயே சேற்றைப் பூசுவதற்கும் உள்ள வேறுபாடு இது. அந்த வட்டப் பெட்டியின் கதை வேறு. அதிலுள்ள ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்கள் வெப்பத்தால் இயல்பு மாறுவன. எங்கள் வீட்டு மாடியில் சித்திரை வெயிலில் அது காலையில் ஒரு குரலும் பிற்பகலில் வேறு குரலும் காட்டியதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை.

இவற்றைத் திருத்திய பின்னரும் "ஸ்டீவி ரே வானின் ஒலி வரவில்லையே" என்றான். எப்படி வரும்? அவர் முதல் தந்தியாக 0.013 அங்குலத் தடிப்புள்ள கம்பியைப் பூட்டி, சுருதியை அரைச்சுரம் தாழ்த்தி வாசித்தவர். இவன் கிட்டாரில் இருந்தது 0.009. மெல்லிய தந்திக்குப் பழகிய விரலை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் அவரைப் போல வாங்கினால் என்ன பயன்? தடித்த தந்தியைப் பூட்டினால் மட்டும் ஆகிவிடுமா என்றால், அதுவும் இல்லை.

அவனுக்கு நான் பி. பி. கிங்கைச் சுட்டிக்காட்டினேன். 1925-இல் மிசிசிப்பியிற் பிறந்து, பருத்திக் காட்டில் உழைத்து, 2015-இல் மறைந்த அந்த மேதை பெட்டிகளைப் பெரிதும் நாடாதவர். அவருடைய உறவினர் புக்கா வைட், தந்தியின்மேல் உலோகக் குழாயைச் சறுக்கி வாசிப்பதிற் பேர் பெற்றவர். இளைஞர் கிங் அதைப் பார்த்துச் செய்ய முயன்றார், கை வரவில்லை. குழாயின் நடுக்கத்தை வெறும் விரலாலேயே கொண்டுவர, மணிக்கட்டைப் பட்டாம்பூச்சியின் சிறகு போல அசைத்தார். உலகம் இரண்டே சுரத்தில் அவரை இனங்காண்பது அந்த அசைவினால்தான். ஆல்பர்ட் கிங்கோ இடக்கையர். வலக்கையருக்குக் கட்டிய தந்தி வரிசையை மாற்றாமலேயே கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரலால் மீட்டினார். பிறர் மேலே தள்ளும் தந்தியை அவர் கீழே இழுத்தார். அந்த இழுப்பின் வலிமையே அவர் முத்திரை ஆயிற்று.

நான் பள்ளியிற் காப்பி நோட்டு எழுதவைத்தவன். நாற்பது பிள்ளைகளும் அச்சிட்ட ஒரே வரியைப் பார்த்து ஒரே வகைப் பேனாவால் எழுதுவார்கள். பெயரை மறைத்து வைத்தாலும் எது எவன் எழுதியது என்று என்னால் சொல்ல முடியும். அதனால் காப்பி நோட்டு வீண் என்று நான் ஒருநாளும் கருதியதில்லை. பேரனிடமும் பிறரைப் பார்த்து வாசிக்காதே என்று சொல்லவில்லை. பெட்டிகளை அலமாரியில் வைத்துவிட்டு, கிட்டாரும் ஆம்ப்ளிபயரும் மட்டுமாக ஒரு மாதம் வாசிக்கச் சொன்னேன். ஓர் அடியை முதலில் வாயாற் பாடிவிட்டு, பாடிய இடத்தில் மூச்சு விட்டது போலவே தந்தியிலும் மூச்சு விடச் சொன்னேன். நாள்தோறும் பதிவு செய்து, மறுநாள் கேட்கச் சொன்னேன். முதல் வாரம் அவனுக்குத் தன் வாசிப்பே பிடிக்கவில்லை. மூன்றாம் வாரத்தில், மீட்டும் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்துமே கரகரப்பை வரவழைக்கவும் விலக்கவும் முடிகிறது என்று கண்டான். மாத இறுதியில், "தாத்தா, ஒன்றுதான் குறைகிறது. கார்வை போதவில்லை" என்றான். வீட்டினர் உறங்கும் வேளையில் ஆம்ப்ளிபயரை உரத்து வைக்க இயலாதவனுக்கு அந்தக் குறை உண்மையானதே. பச்சைப் பெட்டி மட்டும் அலமாரியிலிருந்து இறங்கியது. சிவப்புப் பெட்டியும் வேறு மூன்றும் விலைபோயின. வட்டப் பெட்டி மார்கழிக்காகக் காத்திருக்கிறது.

அண்மையில் அவன் நண்பர் இருவர் வந்திருந்தனர். ஒரே கிட்டார், ஒரே பச்சைப் பெட்டி, திருகுகள் எதையும் மாற்றாமல் மூவரும் ஒரே அடியை உள்ளறையில் மாறிமாறி வாசித்தனர். நான் திண்ணையில் இருந்தேன். யார் யார் வாசித்தது என்று கேட்டபோது, இரண்டாவது வாசித்தவன் என் பேரன் என்றேன். "எப்படித் தாத்தா தெரிந்தது?" என்றான். "காந்தாரத்திற்குப் போகும்போது நீ சற்றுத் தயங்குகிறாய்" என்றேன். "அது தவறா?" என்று கேட்டான். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.