சட்டம் யார் கையால் நடைபெறுகிறது?

மத்திய அரசு ஒரு சட்டம் செய்கிறது. அது தில்லியில் எழுதப்படுகிறது. ஆனால், அச்சட்டத்தின் பெயரால் மாத்தூரில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குத் தில்லியிலிருந்து பெரும்பாலும் எவரும் வருவதில்லை. வருபவர் நம் மாநிலக் காவலர். ஆணையில் ஒப்பமிடுபவர் மாநில அரசின் கீழ்ப் பணியாற்றும் மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர். அடைத்து வைக்கும் சிறையும் மாநிலச் சிறையே. இவ்வெளிய உண்மையிலிருந்து ஒரு பெரிய வினா பிறக்கிறது. மத்திய அரசு எல்லை கடந்து குடிமக்களின் உரிமையிற் கை வைக்குமானால், இடையில் நிற்கும் மாநில அரசும் உள்ளாட்சியும் அம்மக்களைக் காத்தல் இயலுமா? இயலுமெனின், எவ்வளவு தூரம் இயலும்? இதனையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விழைகிறேன்.

பல்லாண்டுகள் பள்ளியிற் குடிமைப் பாடம் நடத்தியவன் நான். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்று உண்டு என்பதை மாணவர்கள் தடையின்றி ஒப்பித்துவிடுவார்கள். பொது ஒழுங்கு, காவல்துறை, சிறை ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. குடியுரிமை மத்தியப் பட்டியலில் உள்ளது. விசாரணையின்றி ஒருவரை அடைத்துவைக்கும் தடுப்புக் காவல், காரணத்திற்கேற்ப மத்தியப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் இடம்பெறுகிறது. இப்பிரிவினையின் பயனை விளக்குவதற்கு ஏட்டைக் காட்டிலும் நம் தமிழ்நாட்டின் வரலாறே தக்க சான்றாகும்.

1975 ஜூன் 25ஆம் நாள் இரவு, பிரதமர் இந்திரா காந்தியின் பரிந்துரையின்மேல், குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நாடெங்கும் நெருக்கடி நிலையை அறிவித்தார். உள்நாட்டுக் குழப்பம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மறுநாட் காலை, பிரதமரே வானொலியில் அச்செய்தியை நாட்டிற்குத் தெரிவித்தார். ஜூன் 27ஆம் நாள் வெளியான ஓர் ஆணை, அரசியலமைப்பின் 14, 21, 22ஆம் பிரிவுகள் தரும் உரிமைகளுக்காக நீதிமன்றத்தை நாடுவதைத் தடுத்தது. சமத்துவம், உயிரும் உடல் உரிமையும், கைதானவருக்குரிய பாதுகாப்பு ஆகியவையே அப்பிரிவுகள். நான் அப்போது பள்ளி மாணவன். உரிமைகளைப் பற்றிய பாடம் புத்தகத்தில் இருந்தது. அவ்வுரிமைகளைக் கேட்டுப் பெறும் வழி அடைபட்டிருந்தது.

அந்நாளில் கையாளப்பட்ட பெரிய கருவி, மக்கள் 'மிசா' என்று அழைத்த 1971ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். நெருக்கடி நிலையின்போது அதிற் செய்யப்பட்ட திருத்தங்களால், கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமையும் நீங்கிற்று. பின்னர் அமைந்த ஷா விசாரணை ஆணையத்தின் கணக்குப்படி, நாடெங்கும் 34,988 பேர் இச்சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டனர். இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. காவலில் வைக்கும் ஆணையை மத்திய அரசும் பிறப்பிக்கலாம்; மாநில அரசும், ஆட்சியரும், காவல் ஆணையரும் பிறப்பிக்கலாம். நடைமுறையில் பெரும்பாலான ஆணைகள் மாநில அதிகாரிகளின் மேசையிலிருந்தே எழுந்தன. ஆகவே, ஒரு மாநில அரசு சட்டத்தை மறுக்க முடியாதெனினும், அதனை அள்ளி வீசாமல் இருக்க முடிந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது அதுவே. அப்போது முதலமைச்சராக இருந்தவர் மு. கருணாநிதி. அவருடைய கட்சியின் செயற்குழு 1975 ஜூன் 27ஆம் நாளே நெருக்கடி நிலையைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. பிற மாநிலங்களில் எதிர்க்கட்சித் தலைவர்கள் கூட்டங்கூட்டமாகச் சிறைக்குச் சென்றபோது, இங்கு அத்தகைய பெருங்கைது நிகழவில்லை. மாநில ஆட்சிக்கு எதிர்வரிசையில் இருந்த காமராசரும் நெருக்கடி நிலையை ஏற்காதவர். அவர் கைது செய்யப்படாமலே 1975 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். தடுப்புக் காவலே தமிழ்நாட்டில் இல்லை என்று சொல்வது மிகையாகும். எனினும், அரசியற் கருத்து வேறுபாட்டிற்காக மட்டும் ஒருவர் சிறைப்படும் அச்சம் ஏழு மாதக் காலம் இங்குப் பெரிதும் குறைந்திருந்தது எனலாம்.

இக்காவலுக்கு எல்லையும் இருந்தது. பத்திரிகைத் தணிக்கை மத்திய அரசின் கையில் இருந்தமையால், மாநில அரசால் அதனைத் தடுக்க இயலவில்லை. தொழிலாளர் நிலையும் அத்தகையதே. 1975 செப்டம்பரில் வந்த ஓர் அவசரச் சட்டம், குறைந்தபட்ச போனசை 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைத்தது. பெரம்பூர் ஆலையிலும் துறைமுகத்திலும் மணலித் தொழிற்சாலைகளிலும் உழைத்து வாழும் குடும்பங்கள் நிறைந்த வடசென்னைக்கு, இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்த பகுதி, தன் கோரிக்கையை உரக்கச் சொல்ல முடியாமல் நின்றது. மாநில அரசு கதவைக் காக்கலாம். காற்றையெல்லாம் காக்க இயலாது.

1976 ஜனவரி 31ஆம் நாள், ஆளுநர் கே. கே. ஷாவின் அறிக்கையை ஏற்று, 356ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. சட்டமன்றத்தின் ஆயுள் முடியச் சில வாரங்களே இருந்தன. அரசின்மீது ஊழற் குற்றச்சாட்டுகளும் கூறப்பட்டன. அவற்றை ஆராய நீதிபதி சர்க்காரியா தலைமையில் ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது. ஊழல் புகாரை விசாரிப்பது முறையே. அதனை இங்கு நான் குறை கூறவில்லை. நான் சுட்ட விரும்புவது வேறு. கலைப்பிற்கு முந்திய நாளும் மிசா இருந்தது. பிந்திய நாளும் அதே மிசா இருந்தது. அதே காவல்துறை, அதே அலுவலகங்கள், அதே சிறை. மாறியது மேலிருந்து வந்த கட்டளை ஒன்றே. அம்மாற்றத்தின் உடனடி விளைவாகத் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும், திராவிடர் கழகத்தினரும், மார்க்சிஸ்ட் கட்சியினரும் பெருந்தொகையிற் பிடிக்கப்பட்டனர்.

அவர்கள் அடைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, சென்ட்ரல் இரயில் நிலையத்திற்கு அருகில் இருந்த சென்னை மத்திய சிறை. 1976 பிப்ரவரியில் அங்குக் கைதிகள் இரவில் கடுமையாகத் தாக்கப்பட்டனர். பிற்காலத்தில் முதலமைச்சரான மு. க. ஸ்டாலின் அவர்களுள் ஒருவர். நாடாளுமன்ற உறுப்பினரும் சென்னையின் முன்னாள் மேயருமான சிட்டிபாபு மற்றொருவர். அவர் 1977 ஜனவரியில் உயிர் நீத்தார். நீதிபதி மு. மு. இஸ்மாயில் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், சிறையில் நிகழ்ந்த கொடுமைகளை உறுதி செய்தது. நகரத்தின் முதற் குடிமகனாக ஒருகாலத்தில் வீற்றிருந்தவருக்கே அந்நிலை நேர்ந்ததெனின், பெயரில்லாத ஒரு கூலித் தொழிலாளியின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பழைய சிறையின் கைதிகள் 2006இல், எங்கள் மாத்தூருக்கு அண்மையிலுள்ள புழலுக்கு மாற்றப்பட்டனர். பழைய கட்டடம் 2009இல் இடிக்கப்பட்டது.

நீதிமன்றம் என் செய்தது? ஒன்பது உயர்நீதிமன்றங்கள் சிறைப்பட்டோரின் மனுக்களைக் கேட்கலாம் என்றன. ஆனால், 1976 ஏப்ரல் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், நால்வர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, அவ்வழியை அடைத்தது. தனித்து நின்ற நீதிபதி எச். ஆர். கன்னாவின் கருத்தே சரியானது என்பதை 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இடையில் கழிந்தவை நாற்பத்தோர் ஆண்டுகள்.

பட்டறிவிலிருந்து சில திருத்தங்கள் பிறந்தன. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற நெகிழ்ந்த சொல்லை நீக்கி, 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வரையறுத்தது. அமைச்சரவையின் எழுத்து மூலமான முடிவின்றி நெருக்கடி நிலையை அறிவித்தல் ஆகாது என்றது. எந்நிலையிலும் 20, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளைக் கோரும் வழி அடைபடாது என்றும் உறுதி செய்தது. அடுத்து, 1994 மார்ச் 11ஆம் நாள் பொம்மை வழக்கில், மாநில அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்திலேயே சோதித்தறிய வேண்டும் என்றும், கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் தீர்ப்பாயிற்று. 1976இல் நடந்தது போல ஓரிரவில் ஓர் ஆட்சியை அகற்றுதல் இன்று அவ்வளவு எளிதன்று.

பிற நாடுகளிலும் இக்கருத்து வேரூன்றியுள்ளது. அமெரிக்காவில் 1997இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், மத்திய அரசின் திட்டத்தை நடத்தித் தருமாறு உள்ளூர்க் காவல் அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தல் ஆகாது என்று கூறிற்று. 2001இல் பயங்கரவாதத் தடுப்பின் பெயரால் ஒரு கடுஞ்சட்டம் வந்தபோது, நானூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் அதனை எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. கலிபோர்னியாவின் ஆர்க்கேட்டா என்னும் சிற்றூர், நகர அலுவலர் அச்சட்டத்திற்குத் தாமாக முன்வந்து உதவுவதையே குற்றமாக்கியது.

இவ்வாறு கூறுவதனால், மத்திய அரசு எப்போதும் கொடியது, உள்ளூர் ஆட்சி எப்போதும் நல்லது என்று எவரும் கொள்ளலாகாது. 1957இல் அதே அமெரிக்காவில், லிட்டில்ராக் நகரப் பள்ளியிற் கறுப்பின மாணவர் நுழைவதை மாநில ஆளுநர் தடுத்தார். மத்திய அரசின் படைவீரர் துணை வந்த பின்னரே அம்மாணவர் படிக்க முடிந்தது. நம் நாட்டிலும் தீண்டாமையைக் குற்றமாக்கிய 1955ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றம் செய்ததே. மேலும், 1982இல் தமிழ்நாடே இயற்றிய தடுப்புக் காவற் சட்டம் ஒன்று உண்டு. மக்கள் அதனைக் குண்டர் சட்டம் என்பர். அதன்கீழும் விசாரணைக்கு முன்பே ஒருவரை ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். ஆகவே, மாநிலத்தின் கையையும் நாம் கண்காணித்தல் வேண்டும்.

மாநிலத்திற்குக் கீழே உள்ளாட்சி இருக்கிறது. சென்னை மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் 1973இல் மாநில அரசாற் கலைக்கப்பட்டது. மீண்டும் 1996இல்தான் மன்றம் அமைந்தது. நெருக்கடிக் காலம் முழுவதும் இந்நகர மக்களுக்காகப் பேச ஒரு மாமன்றமே இல்லை. கலைக்கப்பட்ட மன்றத்திற்கு ஆறு மாதத்திற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 74ஆவது திருத்தம் விதித்த பின்னரும், 2016 அக்டோபர் முதல் 2022 வரை சென்னைக்கு மன்றம் இல்லாதிருந்தது. 2011இல் மாநகராட்சியோடு இணைந்த மாத்தூர் மக்களும், அவ்வாண்டுகளில் குறை சொல்ல உறுப்பினரின்றி அலுவலகப் படிகளில் நின்றனர். மத்திய அரசு மாநிலத்திற்குச் செய்தலாகாது என்று நாம் கூறுவதை, மாநிலம் நகரத்திற்குச் செய்தலும் ஆகாது.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் கூறுவேன். 2021 செப்டம்பர் 8ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. குடியுரிமை மத்தியப் பட்டியலில் உள்ளமையால், அத்தீர்மானம் சட்டத்தை நீக்காது. மறுப்பைப் பதிவு செய்யும் அளவே அதன் வலிமை. ஆனால், வீடு வீடாகச் சென்று பெயர் எழுதுபவர் யார்? பெரும்பாலும் எம் போன்ற ஆசிரியரே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற் கூறும் விவரத்தை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறைவாகக் காக்கிறது. குடிமக்கள் பதிவேட்டிற்கான விவரமோ 2003ஆம் ஆண்டின் விதிகளைச் சார்ந்தது. அக்காப்பு அதற்கு இல்லை. இவ்வேறுபாட்டைக் கதவருகே நிற்கும் ஆசிரியரும் அறிய வேண்டும். கதவைத் திறப்பவரும் அறிய வேண்டும்.

இறுதியாக, நடைமுறைக்கு உதவும் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். கைதாகும் ஒருவர் காரணத்தை அறியவும், வழக்கறிஞரைக் காணவும் உரிமையுடையவர். சாதாரணக் கைதாயின், 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தப்படல் வேண்டும். தடுப்புக் காவலாயின், ஆணையின் காரணங்களை எழுத்தில் பெற்று எதிர்மனு அளிக்கலாம். உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் தொடுக்கலாம். கைதைக் குடும்பத்தார்க்கோ நண்பர்க்கோ தெரிவிக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் வகுத்த விதி. வறியவர்க்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். இவற்றை ஒரு தாளில் எழுதி, ஊர் நூலகத்திலும் தொழிற்சங்க அலுவலகத்திலும் ஒட்டி வைப்பது எவராலும் இயலும் பணி.

அதிகாரம் ஒரே இடத்திற் குவியாமல் பல கைகளிற் பிரிந்திருக்குமாயின், ஒரு கை தவறும்போது மற்றொரு கை தயங்கும். அத்தயக்கத்திற்குள் ஒரு குடிமகன் நீதிமன்றப் படியை எட்டிவிடலாம். 1975இல் தமிழ்நாட்டிற்குக் கிடைத்தது ஏழு மாதத் தயக்கம். அது பலரைச் சிறையினின்றும் காத்தது. அத்தகைய தயக்கத்திற்கு இடந்தரும் மன்றங்களை ஊர்தோறும் உயிரோடு வைத்திருப்பதும், அவற்றின் தேர்தல் தவறும்போது கேள்வி கேட்பதும் நம் கடமையாகும்.