குருக்களுக்காக ஜெபித்த சிறுமலர்

கத்தோலிக்கக் குருக்கள் மக்களுக்காக ஜெபிக்கிறார்கள். குருக்களுக்காக ஜெபிப்பவர் யார்? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர், 'சிறுமலர்' என்று நம் மக்கள் போற்றும் அர்ச். தெரேசம்மாள்.

1887-ம் ஆண்டு பிரான்சிலிருந்து ரோமாபுரிக்குச் சென்ற யாத்திரைக் கூட்டத்தில், பதினான்கு வயதுச் சிறுமியாக அவரும் இருந்தார். உடன் வந்த குருக்களை அருகிருந்து கவனித்தார். உயர்ந்த அழைத்தல் பெற்ற அவர்களும் பலவீனமுள்ள மனிதர்களே என்பது புரிந்தது. குறை கூறவில்லை, ஜெபிக்கத் தீர்மானித்தார். மறு ஆண்டே லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

அதே கார்மேல் சபையின் குருவாக, பெரும் பிரசங்கியாகப் புகழ் பெற்றிருந்தவர் ஹியாசிந்த் லுவாசோன். 1869-ல் அவர் துறவு மடத்தைவிட்டு வெளியேறினார், திருச்சபையிலிருந்தும் விலக்கப்பட்டார். 1872-ல் மணம் புரிந்தார். பலர் தூற்றினர். தெரேசம்மாளோ அவரைச் சகோதரர் என்றே குறிப்பிட்டு, பல ஆண்டுகள் ஜெபித்தார். காசநோயால் வாடிய நிலையில், 1897 ஆகஸ்ட் 19-ந் தேதி தாம் பெற்ற கடைசி நற்கருணையையும் அவருக்காகவே ஒப்புக்கொடுத்தார். செப்டம்பர் 30-ல், 24-வது வயதில் மரித்தார்.

லுவாசோன் 1912-ல் காலமானார். அதுவரை திருச்சபைக்குத் திரும்பவில்லை. அப்படியானால் அந்த ஜெபம் வீணா? பலனைக் கண்ணால் கண்ட பிறகே ஜெபிப்பது என்றால், அது விசுவாசம் ஆகாது.

1995 முதல் இயேசுவின் திரு இருதயத் திருநாள், குருக்களின் பரிசுத்தத்திற்காக ஜெபிக்கும் நாளாகவும் அனுசரிக்கப்படுகிறது. பங்குக் குருவின் குறைகளைப் பேச நமக்கு நேரமிருக்கிறது. அவர் தம் அழைத்தலில் நிலைத்திருக்க ஒரு 'அருள்நிறை மந்திரம்' சொல்லவும் நேரமிருக்கட்டும்!