பெட்டிக்குள் ஒரு சுருள்வில்

சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் மாலை வேளையில் நின்றிருக்கிறீர்களா? கண்ணாடிகளை ஏற்றிவிட்ட கார் ஒன்று நம்மைக் கடந்து செல்கிறது. பாடுபவர் குரல் கேட்பதில்லை. ‘தும், தும்’ என்ற அதிர்வு மட்டும் நெஞ்சில் மோதுகிறது. உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைக் கண்ணாடியும் தகடும் பெரிதும் தடுத்துவிடுகின்றன. தாழ்ந்தவற்றை அவ்வளவாகத் தடுக்க முடிவதில்லை. சுமார் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள இத்தாழ்ந்த ஒலிகளுக்கென்றே அமைந்த ஒலிபெருக்கிதான் சப்வூஃபர்.

என் மாணவர் ஒருவரின் அண்ணன், பல மாதச் சேமிப்பைக் கொடுத்து 12 அங்குல சப்வூஃபர் வாங்கினார். இடத்தை மிச்சப்படுத்த அதைச் சிறிய பெட்டியில் பொருத்தினார். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘டம், டம்’! “ஒலிபெருக்கி பழுதா, சார்?” என்றார் மாணவர். பழுது ஒலிபெருக்கியில் இல்லை; பெட்டியில்தான்.

பெட்டி எதற்கு? கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகிறது; அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 8.6 மீட்டர். இத்துணை நீண்ட அலை கூம்பின் விளிம்பை எளிதில் சுற்றிவந்து எதிர் அலையோடு கலக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பின்புற அலையைச் சிறைப்படுத்தவே பெட்டி.

ஆனால் அடைபட்ட காற்று சும்மா இருப்பதில்லை. சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். காற்று சுருள்வில்லைப் போல் எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறிதானால் வில் விறைக்கும். ஒத்ததிர்வு எண்ணும் உயரும். ஒரு கணக்குப் போடுவோம். ஒலிபெருக்கியின் இயல்பான ஒத்ததிர்வு எண் 30 ஹெர்ட்ஸ். அதன் தொங்கலின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கன அளவு 120 லிட்டர் என்க. பெட்டி 15 லிட்டர். 120-ஐ 15-ஆல் வகுத்தால் 8, ஒன்று கூட்ட 9, வர்க்கமூலம் 3. எனவே புதிய எண் 90 ஹெர்ட்ஸ்! அந்த எண்ணருகே ஒலி புடைத்து நிற்கும். அதற்குக் கீழே விரைவாகத் தேயும். பெட்டியை 40 லிட்டர் ஆக்கினால் 60 ஹெர்ட்ஸ். அண்ணனும் அவ்வாறே புதுப் பெட்டி செய்தார். செலவு பலகைக்கு மட்டுமே. மிருதங்கத்தின் தொப்பி தொப்பியாகவே கேட்டது.

இவ்வளவுகளைக் கொண்டு பெட்டியைக் கணிக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், பின்னர் 1970-களில் ரிச்சர்டு ஸ்மாலும் வகுத்துத் தந்தனர்.

துளையிட்ட பெட்டியும் உண்டு. காலிப் புட்டியின் வாயில் ஊதினால் எழும் ஒலியின் தத்துவமே இது. குழாயிலுள்ள காற்று ஒத்ததிர்ந்து, குறிப்பிட்ட எண்ணருகே குறைந்த மின்திறனில் மிகுந்த ஒலி தரும். ஆனால் பெட்டி பெரிதாக வேண்டும். அந்த எண்ணுக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானம் இராது.

காருக்கு எது ஏற்றது? மூடிய பெட்டியில், ஒத்ததிர்வு எண்ணுக்குக் கீழே அதிர்வெண் பாதியாகுந்தோறும் ஒலி 12 டெசிபெல் குறைகிறது. காரின் உட்புறமோ சிறிய அறை. அலைநீளத்தில் பாதி, அறையின் நீளத்தை மிஞ்சும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கொள்கையளவில் அதுவும் அதே 12 டெசிபெல் வீதம்! ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. ஆகவே சிறிய காருக்கு மூடிய பெட்டியே பெரும்பாலும் போதும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ ரிச்சி தெருவுக்கோ செல்லும்போது, ‘எத்தனை வாட்?’ என்று மட்டும் கேளாதீர்கள், அளவுத்தாளைக் கேளுங்கள். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 300 வாட் பெறக் குறைந்தது 25 ஆம்பியர் ஓடும். தடித்த கம்பியும், மின்கலத்தையொட்டி ஃப்யூஸும் இல்லையேல் தீ விபத்து நேரலாம்.

இன்னொன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்க இடமளிக்கின்றன. சைதையில் இம்மூன்றும் உள்ளன. தாழ்ந்த ஒலி கண்ணாடிக்குள் அடங்காது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டோம். ஆகவே கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதாது. ஒலியையும் குறைக்க வேண்டும்.