மணவாழ்வில் மனநிறைவு: பணமா? மனமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தத் தலைப்பில் பேச அழைப்பு வந்தபோது முதலில் தயங்கினேன். நான் மனோவியல் நிபுணர் அல்லன். ஊடகத் துறையில் டிப்ளோமா முடித்து, தொலைக்காட்சி அறிவிப்பாளராக இருப்பவன். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

என் மனைவியிடம் தலைப்பைச் சொன்னேன். “டிவியில நாட்டுக்கே பேசுறீங்க. வீட்டுல என்கிட்ட ‘சாப்பாடு என்ன? பில் கட்டியாச்சா?’ இந்த ரெண்டு கேள்விதான்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த உறுத்தலோடு தேடிப் படித்தவற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் சமுதாயத்தில் திருமணத்திற்கு முன் எல்லாப் பொருத்தமும் பார்க்கிறோம். ஜாதகம், வேலை, சம்பளம், வீடு, கார். மண்டபத்திற்கும் விருந்துக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவு செய்கிறோம். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் சுமையும் ஷிப்ட் வேலையும் குடும்பத்தை நெருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அதே கடன், அதே வேலை நேரம் உள்ள இரண்டு வீடுகளில் ஒன்று நிம்மதியாகவும் மற்றொன்று புகைச்சலாகவும் இருக்கிறதே, ஏன்? அங்கேதான் மனம் வருகிறது.

முதலாவது, நாம் கற்பிக்கும் காரணம்

மனைவியை எல்ஆர்டி நிலையத்திலிருந்து அழைத்து வர வேண்டிய கணவர் அரை மணி நேரம் தாமதமாக வருகிறார். “பாவம், சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார் போலும்” என்று நினைக்கலாம். “என் மேல் அக்கறை இருந்தால்தானே!” என்றும் நினைக்கலாம். நடந்தது ஒன்றுதான், மனம் எழுதும் கதைதான் வேறு. பிராங்க் பின்சம், தாமஸ் பிராட்பரி எனும் அமெரிக்க மனோவியல் ஆய்வாளர்கள் 1980ஆம் ஆண்டுகளிலிருந்தே இதை ஆராய்ந்தனர். நிறைவில்லாத தம்பதியர், துணையின் தவற்றை அவருடைய குணமாகவே பார்க்கிறார்கள். நல்லது செய்தாலோ அது தற்செயல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆசையாகப் பூ வாங்கி வந்தவரிடம், “இன்னிக்கு என்ன தப்பு பண்ணிட்டு வந்தீங்க?” என்று கேட்டால், மறுமுறை அவர் பூக்கடைப் பக்கம் போவாரா?

இரண்டாவது, சின்னச் சின்ன அழைப்புகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் கோட்மன் என்பவர் புதுமணத் தம்பதியரை ஒரு வீடு போன்ற ஆய்வுக்கூடத்தில் கவனித்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் யார் இணைந்திருக்கிறார்கள், யார் பிரிந்துவிட்டார்கள் என்று பார்த்தார். “மழை எப்படிக் கொட்டுது பாருங்க” என்று ஒருவர் சொன்னால், மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா? அதுதான் அவர் எண்ணிய விஷயம். இணைந்திருந்தவர்கள் இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு 100க்கு 86 முறை செவிசாய்த்திருந்தார்கள். பிரிந்தவர்களோ 33 முறைதான். மழையைப் பார்க்கச் சொல்பவர் உண்மையில் கேட்பது, “நான் இங்கே இருக்கிறேன், தெரிகிறதா?” என்பதே. நம்மில் பலர் அந்த நேரத்தில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு “ம்ம்” என்கிறோம்.

மூன்றாவது, சண்டை போடும் விதம்

சண்டையே இல்லாத வீடுதான் நல்ல வீடு என்பது தவறான எண்ணம். கோட்மனும் ராபர்ட் லெவன்சனும் கண்டது என்ன தெரியுமா? நிலைத்து நிற்கும் தம்பதியரிடம் வாக்குவாதத்தின்போதுகூட, ஒரு கசப்புக்கு ஐந்து இனிமை என்ற கணக்கு இருந்தது. ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, “நீ சொல்றதும் சரிதான்” என்ற ஒரு சொல், எல்லாம் அதில் சேரும்.

உறவை அரிக்கும் நான்கையும் கோட்மன் பட்டியலிட்டார்: குணத்தைக் குத்திக் குறை கூறுதல், இகழ்ச்சி, எதற்கும் சாக்குச் சொல்லித் தற்காத்துக்கொள்ளுதல், பேசாமல் சுவராக நிற்றல். இவற்றில் மிகக் கொடியது இகழ்ச்சி என்கிறார். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் சொந்தக்காரர்கள் முன்னால், “அவளுக்கு என்ன தெரியும்?” என்று கேலி பேசுகிறோமே, எல்லாரும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அவர் மறக்கமாட்டார்.

நான்காவது, யார் அதிகம் செய்கிறார்?

1979இல் மைக்கல் ரோஸ், பியோரே சிக்கோலி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாகக் கேட்கப்பட்டது. பெரும்பாலான தம்பதியரின் பதில்களைக் கூட்டினால் நூறு விழுக்காட்டைத் தாண்டியது! இருவரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு உடனே நினைவுக்கு வருகிறது. மற்றவர் செய்தது கண்ணில் படுவதே இல்லை. இதைச் சொல்லும்போது ஆண்கள் தப்பித்துக்கொள்ளக்கூடாது. பல வீடுகளில் பெண்களின் சுமை உண்மையிலேயே அதிகம். உட்கார்ந்து பேசி எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் பாதுகாப்பான வீட்டுக்குத்தான் பொருந்தும். அடி, உதை, மிரட்டல் உள்ள இடத்தில் “அனுசரித்துப் போ” என்பது அறிவுரை ஆகாது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 15999 எனும் தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கலாம்.

முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டப்படி, ஒருவர் மட்டும் மணவிலக்குக் கோரினால், பொதுவாக முதலில் சமரசக் குழுவிடம் செல்ல வேண்டும். ஆனால் அது பாதையின் கடைசி முனை. 1966இல் அமைக்கப்பட்ட தேசிய மக்கள் தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் ஆலோசனைச் சேவை வழங்குகிறது. விரிசல் சிறிதாக இருக்கும்போதே போவதில் வெட்கம் என்ன?

இறுதியாக, என் கதைக்கு வருகிறேன். இப்போது இரவுச் சாப்பாட்டின்போது எங்கள் இருவரின் கைத்தொலைபேசிகளும் குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கும். முதல் இரண்டு நாள் பேச ஒன்றுமே கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், வேலையிடத்தில் மேலாளர் எல்லார் முன்னிலையிலும் திட்டுவதால் வேலையை விட்டுவிட நினைப்பதாக மனைவி சொன்னார். இரண்டு மாதமாக நடக்கிறதாம். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. “ஏன் சொல்லவில்லை?” என்றேன். “நீங்க கேட்கலையே” என்றார்.

ஆகவே அன்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு கேள்வி கேளுங்கள். சாப்பாட்டைப் பற்றியோ பில்லைப் பற்றியோ இல்லாத கேள்வியாக அது இருக்கட்டும். பதில் வரும்வரை காத்திருங்கள்.