ரேடியோவில் பேச ஆசையா? மாதம் 6 நாள்தான் டியூட்டி... வேலையில் சேர்வது எப்படி? அடுத்த படிக்கு போவது எப்படி?

நெல்லை,

கோயில் கொடையில் மைக் பிடித்தவர், காலேஜ் ஆண்டு விழாவை தொகுத்து வழங்கிய மாணவி, ஜவுளிக்கடைக்கு ஆட்டோவில் விளம்பரம் பேசுகிறவர்... குரல் நல்லா இருக்கிற எல்லோருக்கும் ஒரு ஆசை இருக்கும். எப்படியாவது ரேடியோவுல பேசிடணும்.

ஆனால் யாரை பார்ப்பது, எங்கே மனு கொடுப்பது என்பதுதான் பலருக்கு தெரிவதில்லை. "எனக்கு ஸ்டேஷன்ல ஆள் இருக்கு" என்று சொல்கிற புரோக்கரிடம் சிக்குவதும் இதனால்தான்.

பாளையங்கோட்டையில் உள்ள நெல்லை வானொலி நிலையம் 1963-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே 1939-ல் வந்தது திருச்சி நிலையம். சென்னை, மதுரை, கோவை, நாகர்கோவில், கொடைக்கானல், தர்மபுரி ஆகிய ஊர்களிலும் நிலையங்கள் உள்ளன. ஆல் இந்தியா ரேடியோ என்று நாம் சொல்லி பழகிய இந்த நிறுவனம், 2023 மே முதல் ஆகாஷ்வாணி என்ற ஒரே பெயரில் இயங்கி வருகிறது.

இந்த நிலையங்களில் நாம் கேட்கும் குரல்களில் பெரும்பகுதி நிரந்தர ஊழியர்களுடையது அல்ல. பகுதிநேர அறிவிப்பாளர்களின் குரல்தான். மாதத்துக்கு அதிகபட்சம் 6 நாள் டியூட்டி. வேலை பார்த்த நாளுக்கு மட்டும் பணம். மாத சம்பளம் கிடையாது. நிரந்தர வேலை கேட்டு உரிமை கோர மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே எழுதியும் வாங்கி விடுகிறார்கள். பல ஆண்டுகள் பேசியவர்கள் பணி நிரந்தரம் கேட்டு கோர்ட்டு படி ஏறிய கதைகள் நாடு முழுவதும் உண்டு.

அதனால், இருக்கிற வேலையை விட்டுவிட்டு ரேடியோவை நம்பி வருவது ஆபத்து. பகலில் ஸ்கூல் டீச்சர், கடை கணக்கு, டியூசன் என்று ஒரு வருமானம் இருக்க, கூடவே இதையும் பார்ப்பவர்கள்தான் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

குரல் மட்டும் போதாது

ஆள் தேவைப்படும்போது அந்தந்த நிலையம் அறிவிப்பு வெளியிடும். ரேடியோவிலேயே சொல்வார்கள். நிலைய போர்டிலும், இணையதளத்திலும், பத்திரிகைகளிலும் வரும். பெரும்பாலும் டிகிரி கேட்கிறார்கள். நிலையத்தின் எல்லைக்குள் வசிக்க வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனை. வயது வரம்பு நிலையத்துக்கு நிலையம் மாறும் என்பதால் அறிவிப்பை முழுசா படிப்பது நல்லது.

முதலில் எழுத்து தேர்வு. நாட்டு நடப்பு, இலக்கியம், கலை, விளையாட்டு என்று எல்லாவற்றிலும் கேள்வி வரும். இதில் தேறினால்தான் குரல் தேர்வு.

பாதிப்பேர் கவுந்து விழுவது இங்கேதான். கையில் ஒரு தாளை கொடுத்து படிக்க சொல்வார்கள். "வியாழக்கிழமை" என்பதை "வியாளக்கிளமை" என்று படித்தால் அன்றைக்கே கதை முடிந்தது. ல, ள, ழ மூன்றும் தனித்தனியா காதில் விழ வேண்டும். ர, ற-வும் அப்படித்தான். வெளிநாட்டு தலைவர்கள் பெயர், ராகங்களின் பெயர், கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் திணறாமல் வர வேண்டும். தாளை புரட்டும் சத்தம் கூட மைக்கில் கேட்கும்.

இதற்கு காசு கட்டி கோச்சிங் போக வேண்டியதில்லை. தினமும் கால் மணி நேரம் பேப்பரை சத்தம் போட்டு படித்து, செல்போனில் பதிவு செய்து திரும்ப கேட்டால் போதும். முதல் நாள் நம்ம குரல் நமக்கே பிடிக்காது. பத்து நாளில் தப்பு எங்கே என்று தானாக தெரிந்து விடும்.

நெல்லை பேச்சு வழக்கு வந்தால் கழித்து விடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அறிவிப்பில் அது கூடாதுதான். ஆனால் கிராமிய நிகழ்ச்சி, விவசாய நிகழ்ச்சி, நாடகம் என்று வரும்போது அதே பேச்சுதான் கை கொடுக்கும். எதை எங்கே பேசணும் என்று தெரிந்தவருக்கு ரெண்டுமே லாபம்.

குரல் தேர்வில் ஜெயித்தவர்களுக்கு "வாணி" என்ற பயிற்சி உண்டு. இதற்கு கட்டணம் உண்டு. அதை நிலையத்தில் முறைப்படி கட்டி ரசீது வாங்க வேண்டும். தனி ஆள் கையில் கொடுக்கிற பணம் எதுவும் இந்த கணக்கில் சேராது.

மேலே போக வழி

ஸ்டூடியோவில் பேசுவது பாதி வேலை. கடிகாரத்தை பார்ப்பது மீதி வேலை. பாட்டு, விளம்பரம், செய்தி எல்லாம் அந்தந்த நொடியில் போக வேண்டும். கம்ப்யூட்டரில் ஒலியை வெட்டி ஒட்ட தெரிந்தவர், சொந்தமாக நிகழ்ச்சி எழுத தெரிந்தவர் ஆகியோரையே அதிகாரிகள் அடிக்கடி தேடுவார்கள். விளம்பர குரலை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரே பேச ஆரம்பித்து விட்டது. வெறும் குரலை மட்டும் வைத்திருப்பவருக்கு இது கஷ்ட காலம்.

இங்கிலீஷில் இருந்து தமிழில் வேகமாக மொழிபெயர்க்க தெரிந்தால் செய்தி வாசிப்பாளர் பட்டியலுக்கு முயற்சி செய்யலாம். சென்னை, திருச்சி மாநில செய்தி பிரிவுகளில் இந்த தேர்வு நடக்கிறது. செய்தி சேகரிக்க தெரிந்தவர்களுக்கு மாவட்ட பகுதிநேர நிருபர் வாய்ப்பும் இருக்கிறது. மாவட்ட தலைநகரிலோ, அங்கிருந்து 10 கி.மீ. தூரத்துக்குள்ளோ வசிக்க வேண்டும்.

டிகிரி இல்லாதவர்கள் சமுதாய வானொலி பக்கம் போகலாம். நாட்டிலேயே முதல் சமுதாய வானொலி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரியில் தொடங்கிய அண்ணா எப்.எம்.தான். 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016-ல் வந்தது கடல் ஓசை. இந்த நிலையங்கள் 10, 15 கி.மீ. சுற்றளவுக்குத்தான் கேட்கும். பணமும் பெரிசா வராது. ஆனால் பேட்டி எடுப்பது முதல் எடிட்டிங் வரை எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள விடுவார்கள். அங்கே செய்த நிகழ்ச்சிகளில் நல்லதா நாலை பென்டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த இடத்தில் வேலை கேட்கும்போது காட்டலாம்.

தனியார் எப்.எம்.களில் கதை வேறு. சொந்தமாக செய்தி தயாரித்து வாசிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. வானொலி செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். அதனால் அங்கே தேடுவது கலகலப்பாக பேசுகிற ஆளை. ஒரு நிமிட பேச்சை பதிவு செய்து அனுப்ப சொல்வார்கள். அதில் வேறு ஆர்.ஜே. மாதிரி பேசி அனுப்புவதுதான் பலர் செய்யும் தப்பு.

"செலக்ட் ஆயிட்டீங்க, டெபாசிட் கட்டுங்க" என்று போன் வந்தால், தேர்வே எழுதாமல் எப்படி செலக்ட் ஆனோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நேரில் போய் நிலையத்தில் விசாரிக்கலாம். ஏற்கனவே பணத்தை அனுப்பி விட்டவர்கள் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த பணம் கை மாறும் முன் வங்கிக்கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.